எட்டு நிமிடம்

கை பொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரை மாவில் ஊற்றி, மரக்கரண்டியால் 20 தரம் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு 8 நிமிடம் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பீட்சாவுக்கு மாவு தயாராவது இப்படித்தான். ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருப்பது கிடையாது, பிசைவதும் கிடையாது. கேட்கிறவர்கள், "அவ்வளவுதானா மாமி?" என்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த 8 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு தவறும் செய்தேன். இன்றைக்கு எனக்கு 74 வயது. அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் மனசு சுருங்குகிறது.

1975 ஜனவரியில், கல்யாணமான நாலாவது மாதம், மினியாபொலிஸில் வந்து இறங்கினேன். என் கணவருக்கு இங்கே எஞ்சினியர் வேலை. மாயவரத்தில் மார்கழிப் பனிக்கே காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள்கிற வீட்டுப் பெண் நான். காவிரியைப் போல இருக்கும் என்று ஆசையாக மிசிசிப்பியைப் பார்க்கப் போனவள், ஆற்றோரமெல்லாம் கல்லாக உறைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினேன். கரையில் ஓங்கி நின்ற கட்டடங்களெல்லாம் பழைய மாவு மில்கள் என்று அவர் சொன்னார். செயின்ட் ஆன்டனி அருவியின் வேகத்தைக் கொண்டு கோதுமை அரைத்த மில்கள். 1880 முதல் 1930 வரை உலகத்திலேயே அதிகமாக மாவு அரைத்த ஊர் இது. நான் வந்தபோது பெரும்பாலான மில்கள் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் பழைய குடும்பங்களில் யாரைக் கேட்டாலும், தாத்தாவோ சித்தப்பாவோ ஏதோ ஒரு மில்லில் மூட்டை தூக்கியிருப்பார்.

எதிர்வீட்டு அம்மாளின் அப்பாவும் அப்படி மில்லில் இருந்தவர்தான். அந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எனக்கு 23. தன்னைப் பேர் சொல்லியே கூப்பிடலாம் என்றார். என் நாக்கு எழவில்லை. உங்கள் ஊரில் மூத்த பெண்களை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். "அக்கா என்போம்" என்றேன். "அப்படியானால் எனக்கும் அதுவே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து கடைசிவரை அவர் எனக்கு அக்காதான். அந்த ஒரு தமிழ் வார்த்தையை அவர் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு, தொலைபேசியில் பேசும்போதுகூட, "அக்கா பேசுகிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே ஒரு மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பிஸ்குவிக். இந்த ஊர்க் கம்பெனியான ஜெனரல் மில்ஸ் 1931 முதல் விற்று வரும் கலவை மாவு. பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று நான் தயங்கியதைப் பார்த்ததும், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாவைத் திருப்பி ஒவ்வொரு வார்த்தையாக எனக்குப் படித்துக் காட்டினார். கோதுமை மாவு, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிய கொழுப்பு, உப்பு, மாவை உப்பவைக்கும் சோடா வகை. "உனக்கு ஆகாதது எதுவும் இல்லை" என்றார். தெரியாத ஊரில் என் ஆசாரத்தை மதித்து ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மனசுக்குள் ஓடியதெல்லாம், "டப்பா மாவா!" என்பதுதான். எங்கள் வீட்டில் மிளகாய்ப் பொடியைக்கூடக் கடையில் வாங்கமாட்டார்கள். காயவைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய், கூடவே நின்று அரைத்துக்கொண்டு வருவார் அம்மா. டப்பாவில் வருவதெல்லாம் சமையல் தெரியாதவர்களுக்கு என்று நான் தீர்மானமாக நம்பினேன்.

பிறகு மற்ற இந்தியக் குடும்பங்களோடு பழக்கமானதும், அதே டப்பாவுக்கு வேறொரு பெருமை இருப்பது தெரிந்தது. கோவா கிடைக்காத ஊரில், பால் பவுடரோடு இந்த மாவைச் சேர்த்து உருட்டிப் பொரித்தால் குலாப் ஜாமூன் வந்துவிடும். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த எத்தனையோ வீடுகளில் தீபாவளி இந்த மஞ்சள் டப்பாவால்தான் இனித்தது. நானும் செய்தேன். ஜாமூனுக்கு ஆகலாம், சாப்பாட்டுக்கு ஆகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் என் கணவர் பீட்சா சாப்பிட ஆசைப்பட்டார். டப்பாவின் பின்பக்கம் பார்த்தேன். மாவு, சூடான தண்ணீர், 20 தரம் கலக்கு, 8 நிமிடம் விடு. இப்படியும் ஒரு மாவு உண்டா என்று தோன்றியது. சப்பாத்திக்குப் பிசைகிற கை சும்மா இருக்குமா? கால் மணி நேரம், காது மடல் மாதிரி வரும்வரை பிசைந்தேன். ஈரத் துணி போட்டு இரண்டு மணி நேரம் வைத்தேன். ஓவனிலிருந்து வெளியே வந்தது தட்டையான ஓடு. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதைப் பாலில் நனைத்துத் தின்றார். அந்த நல்ல மனுஷர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டப்பாவைத்தான் குறை சொன்னேன்.

குறை மாவில் இல்லை, என் கையில் இருந்தது. கோதுமையைப் பிசையப் பிசைய அதிலிருக்கும் பசை நூல் நூலாகப் பின்னிக்கொண்டு வலுவாகும். சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் அந்த வலு வேண்டும். ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கும் வேண்டும். அதற்குள் காற்று மெல்ல மெல்ல ஊறி மணிக்கணக்கில் நிற்கவேண்டுமே. இந்தக் கலவையின் குணம் வேறு. மாவுத் துகள்களைக் கொழுப்பு ஏற்கெனவே போர்த்தியிருக்கிறது. தண்ணீர் பட்ட நொடியே சோடா நுரைக்க ஆரம்பிக்கிறது, மிச்ச நுரை ஓவன் சூட்டில் கிளம்புகிறது. கால் மணி நேரம் அழுத்திப் பிசைந்தால் முதல் நுரை அத்தனையும் வெளியே போய்விடும், வேண்டாத வலு உள்ளே ஏறிவிடும். சூடான தண்ணீர் எதற்கு என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் வெந்நீர் விட்டுக் கிளறிய கை இது. சூட்டில் மாவு அதிகத் தண்ணீரை உள்ளே வாங்கி இளகிக் கொடுக்கும். அந்த 8 நிமிடத்தில் மாவு நீரைக் குடித்து, முறுக்குத் தளர்ந்து, தட்டினால் திரும்பச் சுருங்காத பதத்துக்கு வருகிறது. சும்மா விட்டால்தான் அது வரும்.

இதெல்லாம் புரிந்தது பின்னால். அன்றைக்கு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டேன்.

1978 பிப்ரவரி. அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் ராத்திரி 9 மணி இருக்கும், கதவைத் தட்டினார். கோட்டில் பனி. "வீட்டில் விளக்கு எரிந்தது, அதனால் வந்தேன்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மத்தியானம் ஏதோ தின்றது, பசி இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை, என்ன இருக்கிறதோ அது போதும் என்றார்.

இருப்பதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மத்தியானச் சாதமும் ரசமும் இருந்தன. வந்தவருக்கு மிச்சத்தையா வைப்பது? பூரிக்கு மாவு பிசைந்தேன். உருளைக்கிழங்கை வேகப்போட்டேன். தேங்காயைத் துருவி, அந்தச் சத்தமான பிளெண்டரில் சட்னிக்கு அரைத்தேன். எண்ணெய் காய வைத்தேன். சமையலறை மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தார். "இன்றைக்கு என்ன ஆயிற்று தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "இதோ அக்கா, ஐந்து நிமிஷம்" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எண்ணெய் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நான், "சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்றேன். தட்டை அலங்காரமாக வைத்துத் திரும்பியபோது மணி பத்தேகால். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "ரொம்ப அசதியாக இருக்கிறது, மன்னித்துக்கொள்" என்றார். இரண்டு பூரியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அந்த ஒன்றே கால் மணி நேரமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முதுகை.

நாலாம் நாள் அவர் கணவர் காலமாகிவிட்டார்.

அந்த ராத்திரியைப் பற்றி அக்கா ஒருநாளும் குறைப்படவில்லை. பனி கரைந்து, தெருவோரத்தில் புல் தலைகாட்டிய ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேல்தட்டில் ஒதுங்கிக் கிடந்த மஞ்சள் டப்பா அவர் கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துப் பழசு. அதைத் தூரப் போடச் சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்து புது டப்பா எடுத்துவந்து, "வா, செய்து காட்டுகிறேன்" என்றார். கிண்ணத்தில் மாவைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி 20 எண்ணி அடித்தார். துணி போட்டு மூடினார். நான் வழக்கம்போல அடுப்பைத் துடைக்கத் திரும்பினேன். "உட்கார்" என்றார். எதிரே நாற்காலியைக் காலால் தள்ளினார். "மாவு தன் வேலையைச் செய்கிறது. நமக்கு இப்போது வேலை இல்லை." பிறகு கொஞ்சம் பொறுத்து, சாதாரணமான குரலில் சொன்னார்: "அன்றைக்கு இதைச் செய்திருந்தாயானால், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்."

கோபமே இல்லாத பேச்சு அது. ஆனால் என் மூன்று வருஷத்துச் சமையல் கர்வம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது.

அந்த 8 நிமிடத்தில் அவர் எனக்குத் தன் பழைய கதைகளைச் சொன்னார். அவர் வளர்ந்தது வடகிழக்கு மினியாபொலிஸில். அந்தப் பக்கத்தில் 1951இல் ரோஸ் டோட்டினோ என்ற பெண் கணவரோடு பீட்சாக் கடை திறந்தார். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரிகளுக்குப் பீட்சா என்றால் என்னவென்றே தெரியாதாம். ரோஸ் தன் கையால் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அவர்கள் தின்று பார்த்தார்கள், கடன் கிடைத்தது. பின்னாளில் அந்தக் குடும்பம் உறைந்த பீட்சாவை விற்று நாடு முழுவதும் பேர் எடுத்தது. வார்த்தையால் விளக்க முடியாததைச் சூடாக ஒரு துண்டு விளக்கிவிடும் என்று அக்கா அந்தக் கதையை முடித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிஸ்குவிக் பிறந்த கதையைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். 1930இல் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித் ரயிலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிக்கு அவர் போனபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஆறிப்போனது ஏதாவது கிடைத்தால் சரி என்று உட்கார்ந்தவருக்குச் சில நிமிடத்தில் அப்போதுதான் சுட்ட ரொட்டி ஆவி பறக்க வந்தது. எப்படி என்று சமையற்காரரிடம் கேட்டிருக்கிறார். மாவு, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் முன்னாலேயே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் உடனே சுட்டுவிடுவேன் என்றாராம் அவர். ஸ்மித் அந்த யோசனையை ஊருக்குக் கொண்டுவந்தார், கம்பெனியின் ரசாயனக்காரர்கள் அதைக் கெடாமல் வைக்க வழி செய்தார்கள். படித்த இடத்திலெல்லாம் ஸ்மித்தின் பேர் இருந்தது. அந்தச் சமையற்காரர் பேரை எதிலும் நான் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் மரியாதை. நேரம் தப்பி ஒரு பயணி வருவான், அவனுக்கும் சூடாகக் கிடைக்க வேண்டும் என்று காலையிலேயே நினைத்துப் பார்த்த மனுஷர் அல்லவா?

அதைப் படித்த அன்று ராத்திரி என் பாட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டார். மாயவரம் ஜங்ஷன் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எழும்பூரிலிருந்து வரும் ரயில் இரவில் எந்நேரத்துக்கு வருமோ, யார் இறங்குவார்களோ தெரியாது. நடு ராத்திரியில் வாசல் கதவு தட்டப்படும். பாட்டி எழுந்து விளக்கைத் தூண்டுவார். அரைத்துச் சலித்த அரிசி மாவு எப்போதும் தூக்கில் இருக்கும். மோரில் கரைத்து, மோர் மிளகாய் கிள்ளித் தாளித்து, வாணலியில் கொட்டிக் கிளறினால் பத்து நிமிடத்தில் மோர்க்களி. அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, வந்தவர் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, "சொல்லு, ஊரில் எல்லாரும் சௌக்கியமா?" என்பார். தூக்கக் கலக்கத்தில் தூணோரம் நின்று நான் பார்த்த காட்சி அது. எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பாட்டியிடமிருந்து பிசைய, அரைக்க, பொரிக்க எல்லாம் கற்றுக்கொண்ட நான், அவர் உட்கார்ந்ததை மட்டும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு வந்திருக்கிறேன்.

தூக்கில் இருந்த அரிசி மாவும், ஜாடியில் இருந்த புளிக்காய்ச்சலும், பருப்புப் பொடியும், மஞ்சள் டப்பாவும் எனக்கு இப்போது ஒரே இனம். இவற்றைச் சோம்பேறிச் சமையல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. முன்னாலேயே ஒருவர் உழைத்து வைத்துவிட்டார், அதனால் இப்போது கை காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். பேக்கிங் பவுடரின் கதையும் இதே வகைதான். 1843இல் இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்ட் என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவியும் ரொட்டி தின்ன வேண்டும் என்றுதான் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்கும் பொடியைக் கண்டுபிடித்தார். உலகத்தின் அவசரத்துக்காக வந்த பொருள் என்று நான் எண்ணியிருந்தேன். ஒருத்தியின் வயிற்றை நினைத்து வந்த பொருள் அது.

தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை மகள் அங்கே இந்த டப்பா கிடைக்கவில்லையே என்றாள். கிடைக்காவிட்டால் என்ன, வீட்டிலேயே கலந்து வைத்துக்கொள்ளலாம். 6 கப் மைதாவுக்கு 3 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் உப்பு. இதை இரண்டு தரம் சலித்துவிட்டு, 1 கப் வனஸ்பதியோ குளிர்ந்த வெண்ணெயோ சேர்த்து விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துக் கலக்க வேண்டும். பதம் தெரிய ஒரு வழி சொன்னேன். புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். வெண்ணெய் போட்டதென்றால் பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பீட்சாவுக்கு இதில் ஒன்றரைக் கப் மாவு, மூன்றில் ஒரு பங்கு கப் சூடான தண்ணீர். வீட்டுக் கலவை சில நாள் ஒரு ஸ்பூன் தண்ணீர் கூடக் கேட்கும், சில நாள் குறைத்துக் கேட்கும். கை சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

8 நிமிடம் ஆனதும் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, எண்ணெய் தடவிய 12 அங்குலத் தட்டின் நடுவில் மாவை வைத்து, அடை தட்டுவது போல நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் அரை அங்குலம் வரப்பு மாதிரி உயர்த்திவிடுங்கள், சாஸ் வழியாது. தக்காளி சாஸை மெல்லிசாகத்தான் பூச வேண்டும். இந்த மாவு மிருது, ஈரம் கூடினால் நடுவில் சொதசொதவென்று நின்றுவிடும். வெங்காயம், குடைமிளகாய், மொஸரல்லா சீஸ். எங்கள் வீட்டில் பச்சை மிளகாயும் உண்டு. ஓவனை முன்பே 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, செல்சியஸில் சொன்னால் 230க்கு, சூடாக்கி, தட்டைக் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும். அடியிலிருந்து நல்ல சூடு கிடைத்தால்தான் அடிப்பாகம் மொறுமொறுப்பாக வரும். 12இலிருந்து 15 நிமிடத்துக்குள் ஓரம் பொன்னிறமாகும். இது நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா ஆகாது. ஈஸ்ட் மாவின் இழுவையும் அந்தப் புளிப்பு மணமும் இதில் வராது. பிஸ்கட்டைப் போல உதிரும் ஒரு மென்மை இதற்கு உண்டு. அரை மணி நேரத்தில் மேஜைக்கு வந்துவிடும்.

1991 அக்டோபர் 31 மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்தது. ஹாலோவீன் தினம். வேஷம் கட்டிய குழந்தைகள் அதன் மேலே கோட்டையும் போட்டுக்கொண்டு மிட்டாய்க்கு வந்து போனார்கள். யாருக்கும் அது எப்பேர்ப்பட்ட பனி என்று தெரியவில்லை. நவம்பர் 3ஆம் தேதி அது ஓய்ந்தபோது ஊரில் 28.4 அங்குலம் கொட்டியிருந்தது. ஒன்றாம் தேதி சாயங்காலம் எங்கள் தெருவில் கார் எது, புதர் எது என்று அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்கு அப்போது 68 வயது, தனியாக இருந்தார். ஜன்னலில் விளக்கு எரிந்தது. என் கணவரும் எங்கள் பெரிய பையனும் வெளியே இறங்கி எதிர்வாசல் வரைக்கும் ஓர் ஆள் போகிற அளவுக்குப் பனியை வெட்டி வழி செய்தார்கள். மாவையும் ஒரு சாஸ் டின்னையும் சீஸையும் பையில் போட்டுக்கொண்டு நான் தெருவைக் கடந்தேன். பதினைந்து அடி தூரம் போகக் கால் மணி ஆயிற்று.

அவர் சமையலறையில் தண்ணீர் சுடவைத்தேன். 20 எண்ணினேன். துணியைப் போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தேன். 13 வருஷமாக மனசில் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்க முடிந்தது. "அக்கா, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள்?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் கணவர் கண்ணைத் திறந்து, "கொல்லைப்பக்கம் ஏணியை வெளியிலேயே விட்டுவிட்டேன், பனியில் கெட்டுவிடும், எடுத்து உள்ளே வை" என்றாராம். வேறு எதுவும் பேசவில்லையாம். அக்கா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், பனியில் புதைந்திருந்த ஏணியை இழுத்துக் கொட்டகையில் சாத்தியிருக்கிறார். சாத்திவிட்டுக் கையை எடுத்தபோது, இனிமேல் இதில் ஏற அவர் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதாம். "டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஏணிதான் சொன்னது. அதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. உன் வீட்டில் விளக்கு எரிந்தது."

டைமர் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாவு இன்னும் ஐந்தாறு நிமிடம் அதிகமாகவே கிடந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அன்றைக்கு அந்தப் பீட்சாவில் பச்சை மிளகாய் போட மறந்துவிட்டேன், அக்காவே எடுத்துத் தூவிக்கொண்டார்.

அக்கா போய்ப் பல வருஷம் ஆயிற்று. என் கணவரும் போய்விட்டார். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். மஞ்சள் டப்பா மட்டும் இரண்டாவது தட்டில், கை எட்டும் இடத்தில் இருக்கிறது. தேதி பார்த்து மாற்றிக்கொண்டே வருகிறேன். வாசல் விளக்கைப் பத்தரை மணிக்கு முன்னால் அணைப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அடுத்த தெருவில் இருக்கும் மதுரைப் பெண். இங்கே மேற்படிப்புக்கு வந்தவள், கோவிலில் இரண்டு தடவை பார்த்துப் பேசியிருக்கிறேன். இமையில் பனி ஒட்டியிருந்தது. "மாமி, தூங்கிட்டீங்களா? விளக்கு எரிஞ்சுது, அதான்..." என்று நிறுத்தினாள். சாப்பிட்டாயா என்றேன். எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் போலத் தலையை ஆட்டினாள். கோட்டை வாங்கி மாட்டினேன். ஓவனைப் போட்டேன். தண்ணீர் சுடும்வரை அவள் மேஜையில் இருந்த உப்பு ஜாடியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஊற்றி, 20 எண்ணி அடித்து, துணி போட்டு மூடி, டைமரை 8 நிமிடத்துக்குத் திருப்பினேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா" என்றேன்.